கழுத்து நிற்காத பிள்ளை

எனக்கு உட்கார்ந்து எழுத வராது. எங்கள் வீட்டு நடு அறையில் நெல் போட்டு வைக்கும் பத்தாயம் ஒன்று நெஞ்சு உயரத்துக்கு நின்றது. அதன் மூடியின்மேல் தாளை விரித்து, நின்றுகொண்டேதான் எழுதுவேன். ஒரு வரி எழுதினால் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை நடக்க வேண்டும். எழுதியதை அடித்துவிட்டால் வெளியே போய் வாழைகளுக்கு நடுவில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வர வேண்டும். நெல் அவிக்கிற நாட்களில் அம்மா ஓலைக் கடவப் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு காத்து நிற்பாள்.

"எலே, ஒனக்க கதைய எடுக்கியா, இல்ல எல்லாரும் பட்டினி கெடப்போமா? என்ன வெப்ராளம் புடிச்சு இப்பிடி அலையுக?"

வெப்ராளம் என்றால் எங்கள் பக்கத்தில் கோபமும் தவிப்பும் அவசரமும் ஒன்றாகக் கலந்த ஒரு நிலை. அம்மா ஒரு சொல்லில் சொல்லிவிட்டாள். நான் அதைக் கதைகதையாக எழுதிப் பார்த்தும் பிடிபடவில்லை.

முப்பதுகளின் தொடக்கம் அது. இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாகச் சில வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தேன். மண்டைக்காட்டுக்குப் போகும் ரோட்டை ஒட்டிய ஊர் எங்களுடையது. அங்கே மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை கிடைத்தது. வீட்டில் அம்மாவும் நானும்தான். ஒரு தம்பி இருந்தான். பிறவியிலேயே ஒரு கால் குட்டை. நான் இலங்கையிலிருந்து புறப்பட்டு வந்துகொண்டிருந்தபோது காய்ச்சலில் இறந்துபோனான். சேதி என்னை எட்டுவதற்கு முன்னால் நான் ஊரை எட்டிவிட்டேன்.

பத்தாயத்தின்மேல் இரண்டு வகைக் கதைகள் எழுதினேன். ஒன்று, நடக்கிற கதை. தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கும் லயங்கள், மழை, அட்டைக்கடி, கங்காணிகள். மற்றது பேய்க்கதை. நடக்கிற கதையை எழுதும்போது பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டை நிரப்புகிற அலுப்பு வரும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பேயை எழுதினால், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஜெபம் சொன்ன வாயால் இதென்ன பிழைப்பு என்று கூச்சம் வரும். ஒன்றிலிருந்து மற்றதுக்குத் தாவிக்கொண்டே இருந்தேன். இரண்டிலும் நிம்மதி இல்லை. ஆனால் இரண்டையும் 'நான்' என்றுதான் எழுதினேன். 'அவன்' என்று எழுதினால் யாரோ ஒருத்தனைப் பற்றி வாசலில் நின்று புறணி பேசுகிற மாதிரி இருந்தது எனக்கு.

சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு மாதப் பத்திரிகை, ஒரே வருஷத்தில் என் கதை இரண்டைப் போட்டது. முதலில் வந்தது பேய்க்கதை. இலங்கையிலிருந்து ஊருக்கு வரும் ஒருவன் நாகர்கோவிலில் பஸ்ஸை விட்டிறங்கி மண்டைக்காட்டு ரோட்டில் நடக்கிறான். நல்ல உச்சி வெயில். கால் ஊனமான தம்பிக்காக, ஒரு காலுக்கு மட்டும் அடித்தோல் தடித்த பூட்ஸ் ஒரு ஜோடி கொழும்பில் சொல்லிச் செய்து, கயிற்றில் கோத்துத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறான். கால்வாய்ப் பாலத்துக்குப் பக்கத்தில் தம்பியே முன்னால் நடந்து போகிறான். கூப்பிட்டால் திரும்பவில்லை. எட்டி நடந்தாலும் பிடிக்க முடியவில்லை. 'பூட்ஸ் கொண்டுவந்திருக்கேன், நில்லுலே' என்கிறான் அண்ணன். 'இப்பம் காலு வலிக்கல்ல அண்ணே' என்று மட்டும் பதில் வருகிறது. வீட்டுக்கு வந்தால் தம்பியை அடக்கம் செய்து ஒரு வாரம். அவ்வளவுதான் கதை.

இரண்டாவது கதை தோட்டத்தைப் பற்றியது. அதில் வரும் 'நான்' ஒரு கணக்கப்பிள்ளை. லயத்தில் இருந்த ஒரு பெண்ணோடு குடும்பம் நடத்துகிறான். பிள்ளை பிறந்து ஒரு மாதம் முடியும் முன்பே, இரண்டு பேரையும் விட்டுவிட்டு ஊருக்குக் கப்பல் ஏறுகிறான். இதில் ஒரு வரி உண்டு: 'மாதம் நிறையாத அந்தக் குழந்தை என் இடுப்பில் உட்கார்ந்து, என் மீசையைப் பிடித்து இழுத்துச் சிரித்தது.' பத்திரிகை ஆசிரியர் இந்த வரியைக் குறிப்பிட்டு, வாழ்ந்து பார்த்தவனுக்குத்தான் இது வரும் என்று கார்டு போட்டிருந்தார். அந்தக் கார்டை நான் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். வாழவும் இல்லை, பார்க்கவும் இல்லை. தோட்டத்தில் என்னோடு வேலை பார்த்தவர்களைப் பற்றிக் கேட்ட நாலைந்து சங்கதிகளைச் சேர்த்துக் கட்டிய கதை. ஆனால் இடுப்பிலிருந்த பிள்ளை எங்கிருந்து வந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

முந்தின வருஷம் அறுப்பின் பண்டிகையில் கோயில் முற்றத்தில் காணிக்கைப் பொருட்களை ஏலம் விட்டார்கள். இராஜாக்கமங்கலத்துப் பெண் ஒருத்தி, கடைசித் தம்பியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒரு பூசணிக்காய்க்காக உபதேசியாரோடு மல்லுக்கு நின்றாள். பிள்ளை அவள் மூக்கையும் கம்மலையும் மாறிமாறிப் பிடித்து இழுத்துச் சிரித்துக்கொண்டிருந்தது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை, கண்ணெல்லாம் பூசணிக்காயில். கடைசியில் அவளே ஜெயித்தாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. சுற்றி வளைக்காமல் சொன்னால், அவளைத் தவிர வேறு யாரையும் கட்டுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அவளுக்குத் தகப்பன் இல்லை. நாகர்கோவிலில் கொப்பரை வியாபாரம் செய்த தாய்மாமன்தான் எல்லாம். அம்மா போய்ப் பேசினாள். மாமனும் சம்மதித்தார்.

எங்கள் சபையில் கலியாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு அறிக்கை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது, தடை இருந்தால் சொல்லலாம் என்று போதகர் கேட்பார். யாரும் எதுவும் சொன்னதில்லை. பெண்கள் விசிறிக்கொண்டிருப்பார்கள், அவர் அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார். எங்கள் அறிக்கையை முதல் ஞாயிறு வாசித்தபோதும் அப்படித்தான். இரண்டாவது ஞாயிறு, பெண்ணின் மாமனே எழுந்து நின்றார்.

"தடை உண்டும்" என்றார். "இவருக்கு இலங்கையில பெஞ்சாதியும் பிள்ளையும் இருக்கு. அவரே எழுதிப் பொஸ்தகத்துல அச்சடிச்சு வந்திருக்கு."

அவர் கடையில் யாரோ பத்திரிகையை உரக்க வாசித்திருக்கிறார்கள். இதில் அவரைக் குறை சொல்ல எனக்கு இன்றைக்கும் மனசில்லை. எங்கள் ஜனங்களுக்கு அச்சில் 'நான்' என்று வந்தால் அது சாட்சி. சபைப் பத்திரிகையில் மாதாமாதம் வரும்: நான் குடிகாரனாயிருந்தேன், நான் சூதாடினேன், நான் இரட்சிக்கப்பட்டேன் என்று. கடைசியில் ஒரு வசனம் இருக்கும். அதையெல்லாம் கண்ணீரோடு வாசித்துப் பழகியவர்கள். என் கதையையும் அதே பழக்கத்தில் வாசித்தார்கள். கடைசியில் வசனத்தைக் காணாததால், இவன் இன்னும் மனம் திரும்பவில்லை என்றும் கண்டுகொண்டார்கள்.

அன்று மத்தியானமே கோயிலை ஒட்டிய அறையில் விசாரணை. போதகர், மூப்பர் இருவர், மாமன், நான். தடை நின்றால் கலியாணம் போகும். மறைவில் பெண்டாட்டி வைத்திருக்கிறவனை மிஷன் பள்ளிக்கூடத்திலும் வைத்திருக்க மாட்டார்கள். வேலைகூடப் போகட்டும். அவள் போய்விடுவாள் என்ற நினைப்புதான் என்னைக் குடைந்தது. உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன்.

"இது கதை, ஐயா" என்றேன். "நடந்தது இல்லை."

"அப்பம் பொய்யா?" என்றார் மூத்த மூப்பர்.

"பொய் இல்லை. கற்பனை."

"நடக்காதத நடந்ததுன்னு சொன்னா அதுக்கு என்ன பேரு வாத்தியாரே?"

உவமைகளைப் பற்றிச் சொல்லலாமென்று பார்த்தேன். கெட்ட குமாரன் கதையில் வரும் பன்றிகள் எந்த ஊர்ப் பன்றிகள் என்று யாராவது கேட்டார்களா? ஆனால் அந்த இடத்தில் என்னை வேதத்தோடு சேர்த்துப் பேசினால் இன்னும் கெட்டுப்போகும் என்கிற அறிவு எப்படியோ வந்து நாக்கைப் பிடித்தது. அப்போதுதான் பேய்க்கதை ஞாபகம் வந்தது. தப்பித்தோம் என்றே நினைத்தேன்.

"ஐயா, இதே பத்திரிகையில் இன்னொரு கதையும் எழுதியிருக்கிறேன். அதிலும் 'நான்'தான். செத்த தம்பி ரோட்டில் நடந்து போவதைப் பார்த்ததாக எழுதியிருக்கிறேன். அது நடந்திருக்க முடியாதல்லவா? அது நான் இல்லையென்றால் இதுவும் நான் இல்லை."

இளைய மூப்பர் செருமினார்.

"அந்தக் கால்வாய்ப் பாலம்தான?" என்றார். "எனக்க சித்தப்பாவுக்கும் அங்க வச்சுதான் ஆச்சு. வெள்ளை வேட்டி கட்டி ஒருத்தன் முன்னால போனானாம். நீரு எழுதினது சரிதான் வேய்."

"நானும் கேட்டிருக்கேன்" என்றார் மாமன். "அத யாரு இல்லன்னு சொன்னா? அந்த உண்மைய எழுதினவரு இதுல மட்டும் எதுக்குப் பொய் எழுதப்போறாரு?"

போதகரைப் பார்த்தேன். அவர் படித்தவர், பெங்களூரில் வேதசாஸ்திரம் படித்துவிட்டு வந்தவர். அவரும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, தம்பியின் ஆத்துமா அப்படித் திரியக் கூடாது, ஒரு நாள் வீட்டுக்கு வந்து ஜெபிக்கிறேன் என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. வேதப்புத்தகத்தைத் தொட்டு, இரண்டு கதையும் கற்பனை என்று சத்தியம் செய்வீரா என்று போதகர் கேட்டார். செய்கிறேன் என்று எழுந்தேன். தோட்டத்துக் கதைக்காக எந்தப் புத்தகத்தையும் தொட எனக்குப் பயமில்லை. பேய்க்கதைக்காகக் கையை நீட்டத்தான் முடியவில்லை.

"பாத்தியளா, பாத்தியளா" என்றார் மாமன். "சத்தியம் பண்ணினாலும் நான் விடமாட்டேன். எழுதினது பொய்யின்னு சத்தியம் பண்ணுகவன், நாளைக்கு எனக்க மருமவட்ட என்ன உண்மை சொல்லுவான்?"

நான் உட்கார்ந்துவிட்டேன்.

சபை வழக்கப்படி பெண்ணையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்றார் போதகர். அவள் போதகரின் மனைவியோடு பக்கத்து அறையில் இருந்தாள். வந்து கதவோரம் நின்றாள். கையில் அந்தப் பத்திரிகை. மாமன் கடையிலிருந்து எடுத்து வந்திருக்கிறாள். மிஷன் போர்டிங்கில் படித்தவள், வாசிக்க யாருடைய துணையும் வேண்டாம்.

"நான் இத வாசிச்சேன் ஐயா" என்றாள். "இது அவிய பிள்ளை இல்ல."

"எப்பிடிச் சொல்லுக?"

"மாசம் திகையாத பிள்ளைய இடுப்புல வச்சதா எழுதியிருக்கு. மாசம் திகையாத பிள்ளைக்குக் கழுத்து நிக்குமா? இடுப்புல எப்பிடி வைக்க? அது மீசையப் புடிச்சு இழுக்குமாம், சிரிக்குமாம். பச்சப்பிள்ளைக்கு ஆளே தெரியாது. எனக்குக் கீழ ஆறு உருப்படி. எல்லாத்தையும் தூக்கி வளத்தவ நான். ஒரு பிள்ளையத் தூக்கினவன் எழுதின எழுத்து இல்ல இது."

பக்கத்து அறையில் போதகரின் மனைவி சத்தமாகச் சிரித்துவிட்டாள். மூப்பர் இருவரும் பேரன் பேத்தி எடுத்தவர்கள். மாமனுக்கு ஐந்து பிள்ளைகள். மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கழுத்து எப்போது நிற்கும் என்று அவர்களில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. அதைக் காட்டிக்கொள்ளாமல் தலையை மட்டும் ஆட்டினார்கள்.

"சரிதானா வாத்தியாரே?" என்றார் போதகர். "அவள் சொல்வது சரியா?"

இந்த இடத்தில் என் புத்தி போன போக்கைச் சொல்லியாக வேண்டும். என்னைக் காப்பாற்ற ஒருத்தி வந்து நிற்கிறாள். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். எனக்கோ காது மடல் கொதித்தது. என் வரியை, ஆசிரியர் கார்டு போட்டுப் புகழ்ந்த வரியை, எல்லார் முன்னாலும் கிழித்துப் போட்டுவிட்டாளே என்ற ஆத்திரம்தான் முதலில் வந்தது.

"சில பிள்ளைகளுக்குச் சீக்கிரமே கழுத்து..." என்று ஆரம்பித்துவிட்டேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அன்றுதான் முதன்முதலாக நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. பூசணிக்காயை உபதேசியாரிடமிருந்து வாங்கியபோது இருந்த அதே பிடிவாதம் இருந்தது.

"எனக்குத் தெரியாது ஐயா" என்றேன். "நான் ஒரு பிள்ளையையும் தூக்கியதில்லை. அந்த வரி தப்பு."

"அப்பம் இவ்வளவும் சும்மா எழுதினதா?" என்று மாமன் என்னிடம் கேட்டார். அந்தக் குரலில் நிம்மதியை விட ஏமாற்றம்தான் அதிகம். கடையில் கதையைக் கேட்டபோது அதில் வரும் பெண்ணுக்காகவும் பிள்ளைக்காகவும் அழுதாராம், பிறகு கேள்விப்பட்டேன். மூன்றாவது ஞாயிறு அறிக்கையை வாசித்தபோது யாரும் எழவில்லை. பெண்கள் விசிறிக்கொண்டிருந்தார்கள்.

கலியாணம் ஆனது. ஆனால் என் எழுத்து நின்றுபோனது. பத்தாயத்தின்மேல் தாளை விரிப்பேன், கழுத்து நிற்காத பிள்ளை ஒன்று வந்து தாளில் படுத்துக்கொள்ளும். எழுதுகிற ஒவ்வொன்றையும், இதை நீ தொட்டாயா, தூக்கினாயா என்று அது கேட்டது. சுவருக்குச் சுவர் நடந்தேன். அவள் வெளியே தேங்காய் துருவிக்கொண்டிருப்பாள். ஒன்றும் கேட்க மாட்டாள். அது இன்னும் எரிச்சலாக இருக்கும். எங்கள் பக்கம் ஆடிக்காற்று கதவைப் பிய்த்துக்கொண்டு போகிற காற்று. அது அடித்த அந்த மாதம் முழுக்க, பறந்த தாள்களைப் பொறுக்கியதைத் தவிர நான் வேறு எதுவும் செய்யவில்லை.

ஆவணியில் அவள் கடைசித் தம்பிக்குத் தள்ளிப்போயிருந்த ஞானஸ்நானம் என்று இராஜாக்கமங்கலம் புறப்பட்டோம். அவளுக்கு மாட்டுவண்டி ஆகாது, தலை சுற்றும். நாகர்கோவில்வரைக்கும் நடந்து பஸ் ஏறிவிடலாம் என்றாள். மண்டைக்காட்டு ரோட்டில் நடந்தோம். நான் வழக்கம்போல முன்னால் போவதும், அவளுக்காக நிற்பதும், மறுபடி முன்னால் போவதுமாக இருந்தேன். வெயில் ஏறிவிட்டது. கால்வாயில் தண்ணீர் கறுப்பாகக் கிடந்தது. ரோட்டில் எங்களைத் தவிர யாரும் இல்லை.

"ஒண்ணு கேக்கட்டா?" என்றாள் பின்னாலிருந்து. "அந்தத் தோட்டத்துக் கதையில அவ்வளவு தப்பு. மத்த கதையில மட்டும் எப்பிடித் தப்பில்லாம எழுதியிருக்கிய?"

"அது பேய்க்கதை. அதில் தப்பு ஏது, சரி ஏது?"

"கனத்த பூட்ஸு முன்னால தொங்குகு. லேசானது முதுகுப் பக்கம் ஏறி ஏறிப் போகுகு. எத்தன தடவ சரி பண்ணினாலும் கயிறு தோளிலேருந்து இழுத்துக்கிட்டு வருகு. அத நீங்க ரண்டு எடத்துல எழுதியிருக்கிய. சுமந்தவனுக்குத்தான் அது தெரியும்." கொஞ்சம் நிறுத்தி, "பத்தாயத்துக்குப் பொறத்தால அந்தப் பூட்ஸு கெடக்கு. கூட்டும்போ பாத்தேன்" என்றாள்.

பாலத்தில் தம்பியைப் பார்த்தது நிசமா என்று ஊரில் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். எல்லாரிடமும் கற்பனை என்றே சொல்லியிருக்கிறேன். அம்மாவிடமும் அப்படித்தான். பின்னால் வந்தவள் எட்டி என் பக்கத்தில் வந்து நடந்தாள். பாலம் வந்தது.

"எந்த எடத்துல?" என்றாள்.

என் கால்கள் நின்றுவிட்டன. ஓரிடத்தில் நிற்கத் தெரியாதவன் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிவைத்த நான், அந்த வெயிலில் அசையாமல் நின்றேன். தம்பி போய்விட்டான் என்ற துக்கம், வந்து இத்தனை வருஷம் கழித்து, அந்த இடத்தில்தான் எனக்கு முழுதாக வந்தது. அழுதேன். அவள் தடுக்கவில்லை.

"இங்கதான்" என்று ரோட்டைக் காட்டினேன். "இதோ, இந்தப் பூவரச மரம் வரைக்கும் போனான்."

அவள் அந்த மரத்தைப் பார்த்தாள். இருபுறமும் வெறுமையாகக் கிடந்த ரோட்டைப் பார்த்தாள். பிறகு பையக் கேட்டாள்.

"நொண்டாமலா நடந்தாரு?"

"நொண்டல்ல" என்றேன்.